வழியில் பேசக் கூடாது

எனக்கு வேணாங்கக்கா, நான் வீட்லயே சாப்பிட்டுட்டுத்தான் கெளம்பினேன். நீங்க மொதல்ல அந்த டப்பாவத் திறங்க. பதினோரு நாளா இந்தப் பெஞ்சும் அந்தக் கேன்டீன் பிஸ்கட்டுமா இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? அப்புறம் உள்ள தங்கச்சி, வெளிய அக்கான்னு ரெண்டு கட்டில் போட வேண்டியதுதான். பேச்சுப் பயிற்சி குடுக்கற அம்மா இப்பத்தான உள்ள போனாங்க. முக்கா மணி நேரமாவது ஆகும்னு சொன்னாங்கல்ல. கதவையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா சீக்கிரம் தொறந்துடுமா? சாப்பிடுங்க.

அய்யோ, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா. நன்றி சொல்லாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஆம்புலன்ஸ்ல ஏறி உக்காந்தேன், அவ்வளவுதான். கீழ்வீட்டுக்காரி, வாசல்ல வண்டி நின்னுச்சு, ஏறினேன். போன் போட்டு வண்டிய வரவழச்சது கூட நான் இல்ல, பார்சல் போடறவரு. அவருக்குச் சொல்லுங்க நன்றி. எனக்கு வேணாம்.

கோவமா? உங்க மேல எனக்கென்னக்கா கோவம். எல்லாம் எங்க கோவில் ஆளுங்க மேலதான். சர்ச்சத்தான் நாங்க கோவில்னு சொல்றது. உங்களுக்கு நேத்து ஒருத்தரு போன் பண்ணினாரே, கனத்த குரல்ல, எடுத்த எடுப்புலயே அன்பின் சகோதரியேன்னு... அவரேதான். மைக் அண்ணன். கையில மைக்கக் குடுத்தா திருப்பி வாங்க நாலு பேரு வேணும், அதனால அந்தப் பேரு. பங்குப் பேரவையில துணைத் தலைவரு. பேரவைன்னா வேற ஒண்ணும் இல்லக்கா. ஒரு கோவிலுக்குன்னு இருக்கற குடும்பங்க எல்லாம் சேந்தா பங்கு. அதுலேருந்து பத்துப் பதினஞ்சு பேரு மேசையச் சுத்தி உக்காந்து டீ குடிச்சுச் சண்ட போட்டா பேரவை. நானும் அதுல ஒருத்தி, ஒம்போது வருஷமா.

சிரிக்காதீங்க. சிரிச்சாலும் பரவால்ல, சாப்பிட்டுக்கிட்டே சிரிங்க.

இந்த வருஷம் எங்களுக்கு மறைப்பணி ஆண்டு. ஃபாதர் நல்ல மனுஷன், இள வயசு. பிரசங்கத்துல சொன்னாரு, மறைப்பணின்னா கப்பலேறிப் போய்க் காட்டுல பிரசங்கம் பண்றது இல்ல, பக்கத்து வீட்டுல இருக்கறவங்களுக்கு என்ன கஷ்டம்னு தெரிஞ்சுக்கறதுதான் மொதப் படின்னு. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. அந்தப் புல்லரிப்போட பேரவைக்குப் போனேன். மூணு மணி நேரம் கூட்டம். எதப் பத்திங்கறீங்க? டி-சர்ட்டு! எல்லாரும் ஒரே மாதிரி போட்டுக்கிட்டு வீடு வீடாப் போகணுமாம். வெள்ளை அழுக்காகும்னு ஒரு கூட்டம், நீலம் சாயம் போகும்னு ஒரு கூட்டம். டெய்லர்ங்கறதால என்ன நடுவர் ஆக்கினாங்க. பழுப்புல எடுங்க, ரெண்டு தொல்லையும் இல்லன்னேன். அதுவரைக்கும் தனித்தனியா கத்திக்கிட்டு இருந்த ரெண்டு கூட்டமும் ஒண்ணா சேந்து என் மேல பாஞ்சுது. அந்த ஒத்துமைக்கு நான்தான் காரணம், அத எவனும் அறிக்கையில எழுதல.

அப்புறம் ஒரு படிவம். எந்த வீட்டுக்குப் போறீங்க, எத்தன தடவ போனீங்க, என்ன பேசினீங்க. மாசக் கடைசியில குடுத்துடணும். ஒருத்தரு நாலு வாரமும் மாமியார் வீட்டையே எழுதிக் குடுத்தாரு. என்னய்யா இதுன்னு கேட்டா, நாலு வாரம் தொடர்ந்து போயிருக்கேன், போய்ப் பொறுமையாவும் இருந்திருக்கேன், இதுக்கு மேல என்ன மறைப்பணி வேணும்ங்கறாரு. ஃபாதரே வாயப் பொத்திக்கிட்டுத் திரும்பிட்டாரு.

நான் யார எழுதினேனா?

உங்க தங்கச்சியத்தான். ரெண்டாவது மாடி, நாலாம் நம்பர். முகத்த அப்படி வைக்காதீங்கக்கா, மதம் மாத்தறதுக்கெல்லாம் இல்ல. தனியா இருக்கா, ராத்திரி பூரா போன்ல யார் யாருக்கோ பதில் சொல்ற வேல, காலையில வந்து தூங்கறா. அவளோட உக்காந்து ஒரு வாய் காப்பி குடிக்க ஆள் இல்ல. போய்ப் பேசணும்னு நெனச்சு எழுதினேன். எழுதினதோட சரி. மூணு வாரமா படியில பாத்தா சிரிக்கறது, வரேன் வரேன்னு சொல்றது, யூனிஃபார்ம் தைக்கற சீசன்னு ஒரு சாக்கு. அவளும் வாங்க டெய்லரக்கான்னு சொல்லிச் சொல்லி அலுத்திருப்பா. என்ன ஒரு குரல் அவளுக்கு! போன்ல கேட்டா சண்ட போட வந்தவன் கூட அடங்கிடுவான்னு அவளே சொல்லுவா. அந்தக் குரல வச்சுத்தான பொழப்பே.

வரும், வரும். அழாதீங்க. டாக்டர் வராதுன்னு சொல்லலையே. இன்னைக்கு ஒரு எழுத்தாவது வருதான்னு பாப்போம்னுதான அந்தம்மா போயிருக்காங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

நான் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்... ஆங், அந்த மைக் அண்ணன். போன ஞாயித்துக்கிழமை ஃபாதர் பூசைக்கு நடுவுல, நம்ம பங்குல ஒரு டெய்லரம்மா பக்கத்து வீட்டுப் பொண்ணுக்காக ஆம்புலன்ஸ்ல ஏறினாங்க, அன்னையிலேருந்து தெனம் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போறாங்க, இதுதான் மறைப்பணின்னுட்டாரு. கோவிலே திரும்பிப் பாக்குது. எனக்கு எந்திரிச்சு ஓடிடலாம் போல இருந்துச்சு. வெளிய வந்தா மைக் அண்ணன் கையப் புடிச்சிக்கிட்டாரு. பேனர்ல உங்க போட்டோதாம்மாங்கறாரு. நீலச் சட்டைல ஒண்ணு, வெள்ளச் சட்டைல ஒண்ணு எடுத்துடுவோம், எது நல்லா இருக்கோ அத வைக்கலாம்னு. மனுஷனுக்கு இன்னும் அந்தச் சண்ட முடியல பாருங்க. வேணாம்ணே, விடுங்கண்ணேன்னேன். தாழ்ச்சி, தாழ்ச்சின்னு பக்கத்துல இருந்தவங்கட்ட சொல்றாரு. பணிவத்தான் நாங்க அப்படிச் சொல்றது. வேணாம்னு கத்தினேன், அதுவும் தாழ்ச்சியாம்! என்ன சொன்னாலும் என் தலையில பூவக் கொட்டினா நான் என்னதான்க்கா செய்யறது?

இப்ப உங்க கிட்டயே வந்துட்டாங்க. நாளைக்குக் கேமராவோட வராங்களாமே. பத்து மணிக்கா? நீங்க சரின்னுட்டீங்களா? ஏன்க்கா, என்ன ஒரு வார்த்த கேக்கக் கூடாதா... நல்லது செஞ்சவங்களப் பத்தி நாலு வார்த்த சொல்றதுல என்ன தப்புன்னா... தப்பு இருக்குக்கா. சொல்லாதீங்க. ஃபோன் போட்டு வர வேணாம்னு சொல்லிடுங்க.

சரி, அது இருக்கட்டும். காலையில எதிர்வீட்டு வாத்தியாரு கதவத் தட்டிச் சண்ட போட்டீங்களாமே? எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, கீழ வரைக்கும் கேட்டுச்சாம். அவ விழுந்தது ஞாயித்துக்கிழமை, அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமைன்னா பத்து மணிக்கு முன்னாடி கண்ணு முழிக்க மாட்டாரு. பாவம், லுங்கியோட நின்னு கையெடுத்துக் கும்பிட்டாராம்.

பார்சல்காரரு சொன்னது எனக்குத் தெரியாதா? எங்கிட்டயும் சொன்னாரு. கீழ பொட்டி எறக்கிக்கிட்டு இருக்கறப்ப மேல ஒரு பொண்ணு ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னு யாரையோ கூப்பிட்ட சத்தம் கேட்டுச்சு. செருப்பு சத்தம் மேல ஏறிப் போச்சு. சரி, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போறாங்கன்னு நெனச்சு அவரு அடுத்த பில்டிங்குக்குப் போயிட்டாரு. அர மணி கழிச்சு உங்க மாடிக்குப் பார்சல் எடுத்துட்டு ஏறினா, இவ படியில சுருண்டு கெடக்கறா. யாரோ பாத்தும் பாக்காத மாதிரி போயிருக்காங்க, அது உண்மைதான். மூளைக்குப் போற ரத்தம் அடச்சிருக்கு, அந்த அர மணி நேரந்தான் அவ குரலக் கொண்டு போச்சுன்னு டாக்டர் உங்க கிட்ட சொன்னப்ப நானும் பக்கத்துலதான இருந்தேன்.

ஆனா வாத்தியாரு இல்ல. அவரத் திட்டாதீங்க.

நான் அப்ப எங்க இருந்தேன்னா... நாலாவது மாடியில. அங்க ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருத்தரு இருக்காரு, இடுப்பு ஒடஞ்சு படுக்கையில. ஞாயித்துக்கிழமை மொதப் பூசை முடிஞ்சதும் அவருக்கு நற்கருணை கொண்டு போறது என் பொறுப்பு. பூசையில குடுக்கற அப்பம்க்கா. உங்களுக்கு அது அப்பமாத் தெரியும், எங்களுக்கு ஆண்டவரே அதுல இருக்காரு. கோவிலுக்கு வர முடியாதவங்களுக்கு ஒரு சின்னச் சிமிழ்ல வச்சு எடுத்துட்டுப் போகணும். அதுக்குப் பை நான்தான் தச்சேன், வெள்ளத் துணியில, கழுத்துல மாட்டினா நெஞ்சோட ஒட்டி நிக்கற மாதிரி.

அதுக்கு ஒரு சட்டம் இருக்கு. சட்டம் போட்டதே நான்தான். போன வருஷம் இந்த மைக் அண்ணன், சிமிழு நெஞ்சுல தொங்குது, காய்கறிக் கடையில நின்னு தக்காளிக்குப் பேரம் பேசறாரு. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். அழுகினத உள்ள தள்றியான்னு கடைக்காரரத் திட்டறாரு, நெஞ்சுல ஆண்டவரு! அந்த வாரமே பேரவையில எந்திரிச்சுப் போட்டு ஒடச்சேன். இனிமே சிமிழ எடுத்துட்டுப் போறவங்க கோவில் வாசல்லேருந்து நோயாளி கட்டில் வரைக்கும் யார்ட்டயும் ஒரு வார்த்த பேசக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் நிக்கக் கூடாது. சைகை காட்டிட்டுப் போயிடணும். ஃபாதர் கூடத் தயங்கினாரு, அவசரம்னு யாராவது கூப்பிட்டாம்மான்னாரு. அப்படி ஒரு சந்து விட்டா எல்லாருக்கும் அவசரம் வந்துடும் ஃபாதர்னேன். கை தட்டினாங்கக்கா. பேரவையில எனக்குக் கை தட்டினது அன்னைக்கு ஒரு நாள்தான். பதிவேட்டுல இருக்கு, என் பேரு போட்டு.

எத்தன மணிக்கா? எட்டரை இருக்கும்.

ஆமா. லிஃப்ட் அன்னைக்கு வேல செய்யல. படியிலதான் ஏறினேன்.

ஆமாங்கக்கா. அந்தப் படியிலதான்.

கைய எடுத்துக்கறீங்களா, எடுத்துக்கங்க. நான் முடிச்சிடறேன், அந்தம்மா வெளிய வர்றதுக்குள்ள. மொத மாடி தாண்டி நாலஞ்சு படி. கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னா. டெய்லரக்கா, ஒரு நிமிஷம்னா. குரல் குழறித்தான் இருந்துச்சு. ராத்திரி ஷிஃப்டு முடிஞ்சு வந்திருக்கா, தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். இல்ல, அது கூட முழுசா உண்மை இல்ல. மூணு வாரமா வரேன்னு ஏமாத்தினேன்ல, வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடப் போறா, எறங்கறப்பப் பாத்துக்கலாம்னு நெனச்சேன். மேல போயி ஜெபம் சொல்லி, நற்கருணை குடுத்தேன். குடுத்து முடிச்சா சிமிழு காலி, அப்புறம் யார்ட்ட வேணும்னாலும் பேசலாம். டிரைவர் அய்யா வீட்டம்மா காப்பி குடுத்தாங்க. அவரு எந்தெந்த ரூட்ல எத்தன வருஷம் ஓட்டினாருன்னு அர மணி நேரம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எறங்கி வந்தா வாசல்ல ஆம்புலன்ஸ். என்னாச்சு, என்னாச்சுன்னு நானே எல்லாரையும் கேட்டேன்.

இன்னும் ஒண்ணு இருக்குக்கா. அத ஃபாதர்ட்ட கூட இன்னும் சொல்லல. அவ ரெண்டாவது தடவ ஒரு நிமிஷம்னு சொன்னப்ப நான் திரும்பிப் பாத்தேன். பாத்து, இப்படி, விரல உதட்டுல வச்சுக் காட்டினேன். உடனே வாய மூடிக்கிட்டா. எப்பவும் என் பேச்சக் கேப்பா, மரியாத தெரிஞ்ச பொண்ணு. அதுக்கப்புறம் அவ தொறக்கவே இல்லக்கா.