டோல்கேட்டில் ஒரு குவைத் பயணி

"நீ என்னிய பாக்கல மாமு. நான் இப்போ குவைத்து போய்க்கினு கீறேன்."

டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், சைக்கிளில் வந்த ஒருவரிடம் அப்படிச் சொன்னார். முப்பது வயதிருக்கும். மடியில் புது சூட்கேஸ். சட்டைக் காலரில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. சைக்கிளில் வந்தவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"இன்னாபா இது? காத்தால தெருவே மாலை போட்டு அனுப்பிச்சோமே!"

"பம்பாய் பிளேன் ரிப்பேராம். மொதல்ல ஒம்போதுன்னான், அப்பால பன்னெண்டுன்னான், கடைசில நாளைக்கு வான்னுட்டான்."

"அதுக்கு இங்க குந்திகினு கீறியே? ரெண்டு தெரு தள்ளி வூடு. ஏறு, வுட்டுடறேன்."

"வாணாம். அம்மா சூடம் கொளுத்தி, திரும்பிப் பாக்காம போன்னு அனுப்பிச்சா. இப்போ போய் நின்னா, போற காரியம் ஆவாதுன்னு அழுவா. மீனம்பாக்கத்துலயும் இருக்க முடியல. கால் தானா இங்க இட்டாந்துடுச்சு."

ஒரு திருவொற்றியூர் பஸ் வந்து போனது. நான் ஏற வேண்டியதுதான், ஏறவில்லை.

"எங் கொயந்த அழுதுச்சா?"

"காத்தாலேர்ந்து ஒரே அழுவ. நாலு மணி வாக்குல தலைக்கு மேல ஒரு பிளேன் போச்சு. அதோ பார் உங்க நைனா போறாருன்னு எல்லாரும் கை காட்டுனோம். அதுவும் டாட்டா காட்டிட்டு வெளையாடப் போயிடுச்சு."

அவர் சூட்கேஸின் பூட்டைத் திறந்தார், மூடினார்.

"அந்தப் பிளேன நானும் பாத்தேன் மாமு. இதே பெஞ்சுலதான் குந்திகினு இருந்தேன்."