கட்டில் போட்ட ரெஸ்ட் ரூம்

தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் கிளம்பியதும், எதிர் சீட்டு இளம்பெண் போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பெரியவரிடம், “மாமா, ரெஸ்ட் ரூம்ல எதுக்கு கட்டில்?” என்றாள். அதோடு என் காது அவர்கள் பக்கம் போய்விட்டது. முடிச்சூரில் மாமா ஓட்டல் திறக்கப்போகிறார், பிளான் போட்டுக் கொடுத்தவள் இவள்தான் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“நீதானேம்மா பிளான்ல ரெஸ்ட் ரூம்னு போட்டே?”

“அது பாத்ரூம் மாமா!”

“அப்போ பாத்ரூம்னு போட வேண்டியதுதானே? ஃபுல் மீல்ஸ் சாப்ட்டா கண்ணு சொருகும், செத்த நேரம் சாயறதுக்குன்னு நெனச்சேன். பொண்ணு இன்னாமா யோசிச்சிருக்குன்னு ஊரெல்லாம் பெருமை பேசிகினு இருக்கேன்.”

“கிச்சனை ஒட்டாம, சாப்பிடறவங்க கண்ல கதவு படாம, பாத்துப் பாத்து அந்த மூலையில வெச்சேன் மாமா!”

“அதாம்மா, ஒரு சத்தம் கிடையாது. தூக்கம் சொக்குது.”

“ஞாயித்துக்கிழமை திறப்பு. வர்றவங்க அவசரத்துக்கு எங்க போவாங்க?”

“நேத்து ஜெபம் பண்ண வந்த பாஸ்டரும் அதைத்தான் கேட்டாரு. கட்டில்ல நல்லாத் தூங்கி எழுந்து, பாத்ரூம் எங்கன்னாரு.”

“என்ன சொன்னீங்க?”

“எதிர் ஓட்டலுக்கு அனுப்பினேன்.”

“திரும்பி வந்தாரா?”

மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வந்தாரு. அங்க போண்டா பிரமாதமாம். எனக்கும் ஒரு பார்சல் வாங்கிகினு வந்தாரு.”