மூன்றாவது பாட்டில் வருபவன்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிரம்புவதற்குள் குளித்துவிடுவேன். துண்டைப் பிழிந்து, இரண்டு முனையும் சமமாகத் தொங்கும்படி கொடியில் போடுவேன். பிறகு பால் காய்ச்சிக்கொண்டே ‘ஓவர்லோடு’ ஆல்பத்துக்கு வந்திருக்கும் கமெண்ட்டுகளைப் படிப்பேன். என் மனைவி அனுசியா இறந்த பிறகும் அதை விடவில்லை. இப்போது எல்லாரும் புகழ்கிறார்கள்.

முதலில் அப்படி இல்லை, சார்.

அனுசியாவும், கேரள எல்லையில் அவள் ஊரான புளியறையைச் சேர்ந்த மணிமுத்துவும் சேர்ந்து நடத்திய ராப் குழுவுக்குச் ‘செக்போஸ்ட்’ என்று பெயர். அவர்களுடைய ‘ஓவர்லோடு’ வெளிவந்த வாரத்தில் சென்னை விமர்சகர் ஒருவர் எழுதினார்: பீட்டெல்லாம் எங்கோ கேட்டதுதான், மணிமுத்து வெறும் கத்தல், ஆனால் மூன்றாவது பாட்டுக்காக மற்றதை மன்னிக்கலாம். அது அனுசியா எழுதியது. பொண்டாட்டி காய்ச்சலில் கிடக்க, ஈரத் துண்டைச் சுருக்கமில்லாமல் காயப்போடும் ஒருவனைப் பற்றியது. ஆல்பத்திலேயே உயிருள்ள ஆள் அவன்தான் என்று முடித்திருந்தார்.

எங்கள் ஊர் இலஞ்சி டீக்கடையில் பால்வண்ணநாதன் அண்ணாச்சி என் சட்டைக் காலரை நீவிவிட்டார். “என்னலே மாப்ள, துண்டு காஞ்சிட்டா?” கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் பாட்டை நீக்கச் சொன்னேன். அது பாட்டு, நீங்க இல்லை என்றாள்.

அதனால் ‘புளியறைப் பையன்’ என்று இணையத்தில் ஒரு போலிக் கணக்கு தொடங்கினேன். அவள் பாடுவதெல்லாம் மணிமுத்து எழுதிக் கொடுத்தது என்று ஒரு வரி போட்டேன். ராப் பாடுகிறவர்களுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. விமர்சகர் மேல் கடுப்பில் இருந்த மணிமுத்துவின் ரசிகர்கள் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள். வாடகை வாய் என்றார்கள். லாரியில் ஏற்றிக் கேரளாவுக்கு அனுப்பச் சொன்னார்கள். மணிமுத்து மறுக்கவில்லை. புகழ் அவனுக்கும் பிடிக்கும்தானே.

அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். பாட்டை நீக்கவில்லை.

“எவனும் நம்ப வேண்டாம். அடுப்படியில வச்சு நான் எழுதுனத நீங்க பாத்திய. நீங்க ஒரு வரி போடுங்களேன்,” என்றாள்.

பார்க்கலாம் என்றேன். அன்றே புளியறைப் பையன் சவால் விட்டான்: பீட் இல்லாமல், தாள் இல்லாமல், ரசிகர்கள் கொடுக்கும் சொற்களை வைத்து, அருவிப் பாறையில் நின்று பாடட்டும். நிறையப் பேர் ஆமாம் போட்டார்கள். சீசன் நேரம், குற்றாலத்தில் கூட்டமும் போலீஸும். தோப்புக்குள் இருக்கும் ஒரு சின்ன அருவியை நான் சொன்னேன். வெள்ளம் வந்தால் எச்சரிக்கும் சைரன் அங்கே கிடையாது.

அருவிக்கு முதுகு காட்டி நின்றாள். நான் போனைப் பிடித்தேன். நன்றாகப் பாடினாள். விமர்சகர் சொன்னது சரிதான். பாதியில் தண்ணீர் செம்மண் நிறமானது. சருகும் குச்சியும் வந்தன. மலையில் மழை. இந்தப் பக்கத்தில் பிறந்த எவரும் அதைப் பார்த்தால் ஓடுவார்கள். நான் பார்த்தேன். போன் அசையவில்லை, வீடியோவில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். என் சொல்லை அவள் என்றைக்குமே கேட்டதில்லை, சார். கூப்பிட்டாலும் நிறுத்தியிருக்க மாட்டாள்.

பாறையில் ஏறும் முன், போனை என் கையில் கொடுத்தபோது அவள் சொன்னது இதுதான்:

“பின்னால வாரது எனக்குத் தெரியாது. நீங்க போதும்னா நிப்பாட்டிருதேன்.”