நாலாவது ஈடு

“…காத்துல வேகுமாம்! காத்துல! நீயே சொல்லு தாயி, இந்தத் தேனியில காத்துக்கா பஞ்சம்? ஆடி மாசம் அடிக்கிற காத்துக்கு, வெங்காயத்த அரிஞ்சு மொட்டமாடியில போட்டா பொரிஞ்சிருமா? பறந்துதான போகும்! அதத்தான் பெட்டிக்குள்ள அடச்சு வச்சு, ஏர் ப்ரையருன்னு பேரையும் வச்சு… அட, பாத்து! அந்தக் கட்டையில கால் பட்டுறாம. அது சரிஞ்சா ப்ளக்கு விழுந்துரும். ப்ளக்கு விழுந்தா, அந்தச் சனியன் மறுபடியும் ஒண்ணுலருந்து எண்ண ஆரம்பிச்சுரும்.”

உமாதேவி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மாடி வீட்டுக்குக் குடிவந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பாலுக்கு உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் கேட்கலாம் என்று, டம்ளரும் கையுமாகக் கீழே இறங்கி வந்திருந்தாள். முனீஸ்வரி மோர்ச்சட்டியைத் திறக்கவும் செய்தாள், கரண்டியைக் கையில் எடுக்கவும் செய்தாள். அத்தோடு சரி. கடந்த பத்து நிமிடமாக அந்தக் கரண்டி மோருக்குள் இறங்காமல், சமையல் மேடையின் மேலிருந்த இயந்திரத்தையே குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தது.

இயந்திரமும் குற்றவாளியின் தோற்றத்தில் இல்லை. நெற்றியில் மூன்று குங்குமப் பொட்டுகள், கைப்பிடியில் முடிச்சிட்ட மஞ்சள் கயிறு. அதன் ப்ளக், கதவோரச் சுவரில் தளர்ந்துபோன துளைகளுக்குள் நிற்க மாட்டாமல் நின்றது. அது விழுந்துவிடாதபடி, ரப்பர் குமிழ் வைத்த ஓர் ஊன்றுகோல் தரையிலிருந்து சாய்ந்து அதை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

“எம் மகன் கட்டைதான் அது. சுரேஷ்கண்ணன். பாத்திருப்பியே… பாக்கலையா? முன்னறையில போனுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருக்கானே, அவந்தான். சரி, அத விடு. மூணு மணி பஸ்ஸுக்கு எங்க மதினி வர்றாக. அதான் இப்ப பேச்சு. என் வீட்டுக்காரருக்குக் கூடப்பெறந்த அக்கா, சோணையம்மா. ஆண்டிபட்டியில கட்டிக்குடுத்திருக்கு. காலையில போன் போட்டாக. ‘என்ன முனீஸ்வரி, வெரதம் வெங்காயம் மாதிரி மணக்குதாமே’ன்னு கேட்டாக. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ‘வந்து பாத்துட்டுச் சொல்றேன், இந்த வருசம் நீ தீச்சட்டி தூக்குறியா இல்லையான்னு’ அப்படின்னுட்டு டொக்குன்னு வச்சுட்டாக. எனக்கு என்ன கேள்வின்னா… ஆண்டிபட்டி எங்கன இருக்கு, தேனி எங்கன இருக்கு? யாரு சொன்னது? அத மட்டும் கண்டுபிடிச்சேன்னு வையி…”

கரண்டி சன்னல் பக்கம் திரும்பியது. சன்னலுக்கு அப்பால், எதிர்வீட்டு வாசலில் ஞானபாக்கியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். அதாவது, தெருமுனைவரை கேட்டது இப்போது எதிர்வீடுவரை மட்டும் கேட்டது.

“அந்தம்மாவாத்தான் இருக்கும். நேத்து சாயங்காலம் கேட்டுக்கிட்ட வந்து நின்னு, ‘என்ன முனீஸ்வரி, வாசம் தூக்குது’ன்னு கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டுச்சு. சிரிச்சா? சிரிச்சுக்கிட்டே போன் போட முடியாதா? நல்ல மனுசிதான், இல்லைங்கல. எம் மகன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப தெனமும் முழங்காலு போட்டு ஜெபம் பண்ணுச்சு. ஆனா மூக்கு இருக்கே, மூக்கு…

“உனக்கு இங்கத்த வழக்கம் தெரியுமோ என்னமோ. வீரபாண்டி ஆத்தா கோயில்ல திருவிழாவுக்குக் கம்பம் நட்டதும் நான் காப்புக் கட்டிட்டேன். எங்க குடும்பத்துல காப்புக் கட்டிட்டா அடுப்புல எண்ணெய்ச்சட்டி ஏறக் கூடாது. தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. ஆத்தாவுக்குச் சூடு ஆகாது. பதிமூணு நாளா கஞ்சி, தொவையல், அவிச்ச பயறு. நேத்து வரைக்கும் கடிச்சா சத்தம் கேக்குற பண்டம் ஒண்ணு நாக்குல படல. தீச்சட்டிய மதினிதான் எடுத்து என் கையில வைக்கணும், அந்த வீட்டுல பெறந்த பொண்ணு. அவுக கைய மடக்கிட்டா முடிஞ்சுச்சு. எட்டு மாசமா நான் அழுத அழுகை எல்லாம்…”

அவள் நிறுத்தினாள். உமாதேவி டம்ளரை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். அந்தச் சிறு அசைவைக் கேள்வி என்று முனீஸ்வரி எடுத்துக்கொண்டாள்.

“மகன் காலுதான். போடிமெட்டு வளைவுல பைக்க விட்டுட்டான். உள்ள ப்ளேட்டு வச்சு மூடியிருக்காக. எலும்பு கூடிருச்சு, கட்டைய விட்டுட்டு நடன்னு டாக்டரும் சொல்லிட்டாக. எப்ப சொன்னாக? தைப் பொங்கலுக்கு! இவன் விட மாட்டேங்கிறான். பயம். கட்டையில்லாம ஒரு எட்டு வைக்கச் சொன்னா மொகமெல்லாம் வேர்த்துப்போகும். இருவத்தாறு வயசுப் பய! அதான், ‘ஆத்தா, இவன் கட்டைய விடட்டும், நான் தீச்சட்டி தூக்குறேன்’னு வேண்டிக்கிட்டேன். சட்டி தூக்காம விட்டா? அவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா யாரு பதில் சொல்றது? இந்த மெசினா சொல்லும்?

“அவன்தான் இத வாங்கிக் குடுத்தது. ‘அம்மா, இதுல எண்ணெயே கெடையாது, அப்பறம் எப்பிடி அது பொரிக்கிறதாகும்’னான். நானும் யோசிச்சேன்… ஒரு நா முழுக்க யோசிச்சேன் தாயி. அடுப்பு பத்த வைக்கல. சட்டி ஏறல. எண்ணெய் கொதிக்கல. ஞாயம்தான? இருந்தாலும் எதுக்கு வம்புன்னு, மெசினுக்கும் ஒரு காப்புக் கட்டி விட்டுட்டேன். அதுவும் வெரதந்தான். இந்த வீட்டுல சுத்த வெரதம் அதுதான்னு வையேன். என்ன சிரிக்கிற?”

உமாதேவி சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்கத்தான் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

“ஓசூருல வேலை பாத்தப்ப இந்தப் பண்டத்தத் தின்னானாம், ஆனியன் ரிங்ஸுன்னு. வெங்காயத்த வளையல் வளையலா அரிஞ்சு, மாவுல முக்கி, தூளுல பெரட்டணுமாம். மொத ஈடு… பல்லாரி வெங்காயம் ரெண்டு கிலோ வாங்கி, மைதாவையும் மோரையும் கரைச்சு, பஜ்ஜிக்கு முக்குற மாதிரி முக்கி வச்சேன். எண்ணெயில விழுந்தா மாவு கவ்விப்புடிக்கும். காத்துல எதப் புடிக்கும்? மாவெல்லாம் ஓட்டை வழியா ஒழுகிருச்சு. தெறந்து பாத்தா, அடியில தோசை, மேல அம்மணமா வெங்காயம்.

“ரெண்டாவது ஈடு, ஈரம் ஆகாதுன்னு ரஸ்க்குத் தூளு மட்டும் பெரட்டி வச்சேன். உள்ள காத்தாடி சுத்துதா… தூளெல்லாம் பறந்து பெட்டிக்குள்ள புழுதிக்காத்து! வெங்காயம் மட்டும் நனஞ்ச துணி மாதிரி தொவண்டு கெடக்கு. மூணாவது ஈடு, சூட்டக் கூட்டி வச்சுட்டு வெளக்கேத்தப் போனேன். வந்து பாத்தா கரி வளையல். இதுல நடுவுல நடுவுல ப்ளக்கு வேற விழுகுது. நான் ப்ளக்கப் புடிப்பேனா, வெங்காயத்தப் புடிப்பேனா? ஏலே, அந்தக் கட்டையக் குடுடான்னு அவன்கிட்ட இருந்து புடுங்கி முட்டுக் குடுத்தேன். அன்னைக்குக் குடுத்த முட்டுதான் இது. நேத்துதான். ஆமா, நேத்து.

“கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு பேசுச்சு. ‘மேடம், ஆயில் ஸ்ப்ரே பண்ணீங்களா’ங்குது! எண்ணெயே வேணாம்னு வித்துட்டு, எண்ணெய் தெளிச்சியான்னு கேக்குது பாரு தாயி! காஞ்ச மாவ மொதல்ல தொட்டு, ஈரமாவுல முக்கி, தூளுல அமுக்கி, பத்து நிமிசம் ஆற வச்சு, மேலாக எண்ணெயத் தெளிக்கணுமாம். தெளிக்கலாமா கூடாதா? எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. பெறகு ஒரு யோசனை வந்துச்சு. சாமி மாடத்துல வெளக்குக்கு ஊத்துற நல்லெண்ணெய் இருக்கு. அது யாரு எண்ணெய்? ஆத்தா எண்ணெய். ஆத்தா எண்ணெய ஆத்தா பேரச் சொல்லித் தெளிச்சா அது எப்பிடி எண்ணெயாகும்? தீர்த்தம் மாதிரிதான? இஸ்திரி போடத் தண்ணி அடிக்கிற குப்பியக் கழுவி, மூணே மூணு தடவ… புஸ்ஸு, புஸ்ஸு, புஸ்ஸு. நாலாவது ஈடு. இந்தா, கடிச்சுப் பாரு. காலையில திரும்பப் போட்டதுதான். கடி, கடி.”

மறுக்க வழியின்றி உமாதேவி ஒரு வளையத்தை எடுத்து வாயில் வைத்தாள்.

மொறுக்.

மோர் கேட்டதற்குப் பிறகு அவளிடமிருந்து எழுந்த முதல் ஒலி அதுதான். முனீஸ்வரியின் முகம் மலர்ந்தது; வழக்கில் தனக்குச் சாதகமான சாட்சி ஒன்று பதிவாகிவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

“கேட்டுச்சா? இதே சத்தந்தான் நேத்தும். நான் ஒண்ணக் கடிச்சேன். முன்னறை வரைக்கும் கேட்டுருச்சு. ‘அம்மா, வந்துருச்சா’ன்னான். ‘வந்துருச்சுடா’ன்னேன். சொல்லிட்டு அடுத்தத எடுத்துத் தட்டுல வைக்கிறேன், பின்னால ஆளு நிக்கிறான். இந்தக் கையில ஒண்ணு எடுத்தான், அந்தக் கையில ஒண்ணு எடுத்தான். ரெண்டு கையிலயும் வளையல், மாத்தி மாத்திக் கடிக்கிறான். எனக்கு மொதல்ல ஒண்ணும் ஒறைக்கல. கட்டை எங்கடான்னு கேக்க வாயத் தெறந்தேன்… கட்டை அங்கன ப்ளக்குல நிக்குது.”

கரண்டி தாழ்ந்தது.

“எட்டு மாசம் தாயி. எட்டு மாசங்கழிச்சு. முன்னறையிலருந்து இங்கன வரைக்கும், சுவத்தக்கூடப் புடிக்காம. அவனுக்கே தெரியல. நான் ஒரு வார்த்தை பேசலயே! பேசுனா பயந்து உக்காந்துருவான்னு, வாய மூடிக்கிட்டு நின்னேன். நான்! அடுத்த ஈடு போட்டேன், அதுக்கு அடுத்த ஈடு போட்டேன். அவன் வர்றான், எடுக்குறான், போறான். வர்றான், எடுக்குறான், போறான். எனக்குச் சந்தோசம் தாங்கல. யாருகிட்டயாச்சும் சொல்லணும்ல? அவரு ஆண்டிபட்டிக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தாரு. சுடச்சுட டிபன் பாக்ஸுல அடச்சு, ‘மதினிகிட்டக் குடுங்க, நாலாவது ஈடு மொறுமொறுன்னு வந்துருச்சுன்னு சொல்லுங்க’ன்னு…”

தாழ்ந்த கரண்டி மோர்ச்சட்டியின் விளிம்பில் டங்கென்று இடித்தது.

“நாந்தான் குடுத்து விட்டேன்.”

அவள் கரண்டியைப் பார்த்தாள். பிறகு சன்னலுக்கு வெளியே, துணியை உதறிக்கொண்டிருந்த ஞானபாக்கியத்தைப் பார்த்தாள்.

“ஆத்தாடி… நாந்தான டப்பாவுல போட்டுக் குடுத்து விட்டேன். யாரு சொன்னா, யாரு சொன்னான்னு விடிஞ்சதுலருந்து… ஏன் தாயி, மொறுமொறுன்னு வந்துச்சுன்னு சொல்லச் சொன்னேனே. புள்ள நடந்தான்னு சொல்லச் சொன்னேனா? சொல்லலையே! அவரு சொல்லியிருப்பாரா? அந்த மனுசன் சொல்லச் சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லுவாரா? அவுக டப்பாவத் தெறந்திருப்பாக… காப்புக் கட்டின வீட்டுலருந்து பொரிச்ச பண்டம். அவுக கையிலயும் காப்பு இருக்கு தாயி! என்ன நெனச்சிருப்பாக? நடந்தத விட்டுட்டு வெங்காயத்தச் சொல்லி அனுப்பியிருக்கேனே, என் புத்தி எங்கன போச்சு? மணி என்ன? போனு எங்க? நீ ஒரு வார்த்தை சொல்லு தாயி, நீ படிச்ச புள்ள, நீ சொன்னா மதினி… தாயி?”

வாசற்படி வெறுமையாக இருந்தது. தட்டில் ஐந்து வளையங்கள் குறைந்திருந்தன. மாடிப்படியில் மெல்ல ஏறும் காலடிகளுக்கு நடுவே, மூடிய வாயின் ‘மொறுக்’ ஒன்று கேட்டது. மோருக்கு வந்த டம்ளர் வேறு பண்டத்தை ஏந்திக்கொண்டு திரும்பியிருந்தது.

அதே நேரத்தில் வெளியே ஆட்டோ வந்து நின்றது.

முனீஸ்வரி கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். அவளுக்கு முன்பாகவே ஒருவன் முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தான். சுரேஷ்கண்ணன் கேட்டைத் திறந்து, “வாங்கத்தை” என்று ஒரு கையில் பையையும், மறுகையில் டிபன் பாக்ஸையும் வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டு, வந்த வழியே உள்ளே நடந்தான். இடக்கால் சற்றே இழுத்தது, அவ்வளவுதான்.

சோணையம்மாள் கேட்டருகிலேயே நின்றுவிட்டாள். ஆட்டோக்காரர் இரண்டு முறை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. அவளுடைய பார்வை முற்றம் முழுவதும் அந்தக் கால்களின் பின்னாலேயே சென்று, நிலைப்படியைக் கடந்து, சமையலறைக்குள் நுழைந்து, ப்ளக்குக்கு முட்டாக நின்ற ஊன்றுகோலில் போய் முடிந்தது. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தூசு விழுந்ததைப் போல ஒருமுறை சிமிட்டவும் செய்தாள்.

“மதினி, அது வந்து… எண்ணெயே கெடையாது மதினி, காத்துலதான்… வெளக்கு எண்ணெய் மூணே மூணு புஸ்ஸு…”

முனீஸ்வரி சொல்லிக்கொண்டே மதினியின் பின்னால் சமையலறைக்குள் வந்து, மகன் மேடையில் வைத்திருந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள், கடிபடாத வளையங்களைக் காட்டியாவது மன்னிப்புக் கேட்கலாம் என்று. உள்ளே ரஸ்க்குத் தூள்கூட ஒட்டியிருக்கவில்லை. யாரோ விரலால் வழித்திருந்தார்கள்.

“உப்பு கம்மி,” என்றாள் சோணையம்மாள், மஞ்சள் கயிறு கட்டிய கையால் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தபடியே. “தீச்சட்டிக்குச் சொல்லி வச்சுட்டியா, இல்ல அதையும் காத்துலயே சூடு பண்ணிக்கலாம்னு இருக்கியா?”