சூப்பர்வைசரின் 'ஆங்...'

வல்லக்கோட்டை தாண்டியதும், கம்பெனி பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பெருமூச்சு விட்டாள்.

"எங்க சூப்பர்வைசர் நல்லா பேசக் கத்துக்கினாருடி. எங்க நிம்மதி போச்சு."

"இன்னாடி சொல்ற?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"தெனம் ஷிப்ட்டுக்கு முன்னாடி எங்கள நிக்க வெச்சு பேசுவாரு. 'ஆங்... வந்து... அதாவது...'ன்னு இழுத்து முடிக்கவே பத்து நிமிஷம் ஆவும். அப்புறம்தான் லைன்ல மிஷின் ஓடும், அதுவரைக்கும் எங்களுக்கு ரெஸ்ட்டு. இப்போ டிரெய்னிங் போய்ட்டு வந்து ரெண்டே நிமிஷத்துல முடிச்சுடறாரு."

"நேரா நின்னுகினு அவரு வாயையே மொறச்சுப் பாரு. பதறிப்போய் பழைய இழுவை தானா வரும்."

"முந்தாநேத்து பார்த்தேனே! ஒரே ஒரு 'ஆங்...' வுட்டாரு. சந்தோஷத்துல மொத்த லைனும் கை தட்டிட்டோம்."

"அப்புறம்?"

"சுருக்கமா பேசுனதுக்குத்தான் தட்டுனோம்னு நெனச்சுக்கினாரு. நேத்து ஒரே நிமிஷம்."