மந்தையில் வெள்ளாடும் உண்டு

மேடையில் வீற்றிருக்கும் அகராதிக் குழுத் தலைவர் அவர்களே, யெமீமாவின் தங்கை அவர்களே, ஜெருசலேமின் இந்த மழையிலும் முப்பதாம் நாள் நினைவுக்கு வந்திருக்கும் நண்பர்களே!

முதலில் ஒரு திருத்தம். முனைவர் யெமீமா அல்கலாய் 1986இல் பணியில் சேர்ந்ததாக அழைப்பிதழ் சொல்கிறது. தவறு. 1985 நவம்பர் 4, திங்கட்கிழமை. அவர் இருந்திருந்தால் என்னை முந்திக்கொண்டு திருத்தியிருப்பார்!

எங்கள் விவிலிய எபிரேய அகராதியில், எழுதியவர், சரிபார்ப்பவர் என இரண்டு கையொப்பம் இல்லாத சொல்லட்டை அச்சுக்குப் போகாது. ‘த்ஸோன்’ என்ற சொல்லுக்கு நான் எழுதிய பொருள், ‘செம்மறி ஆடுகள்’. அது கூட்டத்தைக் குறிக்கும் பெயர். பன்மை வடிவம் கிடையாது. ஒற்றை ஆட்டுக்கு ‘செ’ என்று வேறு சொல் உண்டு. இவற்றில் எங்களுக்குள் பூசல் இல்லை. பொருளுக்குத்தான் அவர் கையொப்பமிட மறுத்தார்.

“வெள்ளாட்டை எங்க விட்டீங்க, கெதல்யா?”

நான் வசனம் காட்டினேன். அவரும் வசனம் காட்டினார். 1994 மார்ச் 14, திங்கட்கிழமை, என்னை நெகேவ் பாலைக்கே அழைத்துப் போய்விட்டார். அபு ஹமாத் என்ற பெதுயின் மேய்ப்பரிடம், செம்மறிகளை மட்டும் பிரித்து ஓட்டிக் காட்டச் சொன்னேன். பிரித்தார். நகர்ந்தனவா? ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன!

“ஐயா, வெள்ளாடு முன்னால நடந்தாத்தான் இதுங்க காலை எடுத்து வைக்கும். ரெண்டும் சேந்ததுதான் மந்தை. எங்க அரபியிலயும் ரெண்டுக்கும் ஒரே பேருதான். இதைக் கேக்கவா அவ்வளவு தூரத்துலேருந்து வந்தீங்க?”

“எழுத்துல குடுத்தாத்தான் இவர் நம்புவாரு,” என்றார் யெமீமா. “அந்த வெள்ளாட்டுக்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக் குடுங்க.”

மறுநாளே புதிய அட்டை எழுதி, கையொப்பமிட்டு என் மேசையில் வைத்தார்: ‘செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்த மந்தை’. நான் கையொப்பமிட்டேனா? இல்லை! இன்னும் சான்று வேண்டும் என்றேன். சான்று என் கண்முன் நின்றிருந்தது. தோற்றதை ஒப்புக்கொள்ள மனம்தான் இல்லை. அவர் குழுவிடம் முறையிட்டிருக்கலாம். முறையிடவில்லை. என் மேசையைக் கடக்கும்போது மட்டும், “ஆடு இன்னும் பட்டியிலதான் நிக்குதா, கெதல்யா?” என்பார்.

ஒன்பது ஆண்டு, எட்டு மாதம், நான்கு நாள். அந்தச் சொல் இடம்பெறும் அகராதித் தொகுதி அச்சேறாமல் நின்றது என்னால். அதைக் கையில் வாங்கிப் பார்க்க இன்று அவர் இல்லை.

அட்டை இதோ. யாராவது ஒரு பேனா கொடுங்கள்.

நன்றி. இதோ என் கையொப்பம். தேதி, 2003 நவம்பர் 19, புதன்கிழமை.

நாளை காலை எட்டு மணிக்கு அச்சகம் திறக்கும், நானே கொண்டுபோகிறேன். அவர் எழுதி முடித்த மற்ற அட்டைகளும் இனி என் மேசையில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கா. இது உங்கள் அனைவர் முன்னிலையிலும் நான் தரும் வாக்கு.

மந்தை புறப்பட்டுவிட்டது, யெமீமா. வெள்ளாடுதான் முன்னால் போகிறது.