வலிக்காமல் பார்த்துக்கொண்டேன்

உடம்பில் இருக்கிற மூட்டுகளிலேயே முழங்கைக்குத்தான் ரோஷம் அதிகம். தோள்பட்டைகூடக் கொஞ்சம் பொறுத்துப் போகும். முழங்கையை ஒரு மாதம் சும்மா வைத்திருந்தால் போதும், அப்புறம் யார் சொன்னாலும் கேட்காது. உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை மேடம். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளத் தோதாக மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் மாரீஸ்வரி. சொந்த ஊர் தேவாரம். உத்தமபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அங்கே எலும்பு அறுவை சிகிச்சை செய்வது டாக்டர் ஷானவாஸ். மதுரையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் அவருடைய நோயாளிகள் என் பொறுப்பு. எல்லோரிடமும் அவர் ஒன்று சொல்வார்: "நான் எலும்பச் சேத்து வைப்பேன், அம்புட்டுத்தான். அது மடங்குறதும் நீளுறதும் மாரீஸ்வரி கையிலதான் இருக்கு." நோயாளிகள் அதைப் பாராட்டு என்று நினைப்பார்கள். அது உள்ளபடியே உண்மை.

கர்ணனை அங்கே கொண்டுவந்தது மாசி மாதம். திராட்சைப் பெட்டிகளைப் பிக்கப் வண்டியில் அடுக்கும்போது மேலிருந்து விழுந்துவிட்டார். வலது முழங்கை. மேல்கை எலும்பின் கீழ்முனை, முட்டைக் கூட்டை உடைத்தது போலத் துண்டு துண்டாக இருந்தது. டாக்டர் இரண்டு பக்கமும் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டுச் சேர்த்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயை நான் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான வேலையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

முகத்தைப் பார்த்ததுமே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

பத்து வருடத்துக்கு முன்பு என் தங்கை திரிஷா போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு முடித்துவிட்டு ஓட்டத் தேர்வுக்குக் காத்திருந்தாள். தேவாரத்தில் அவள் மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தால், பயிற்சிக்கு வந்த பையன்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். ஏலக்காய்த் தோட்டத்து வேலை விட்டுப்போகக் கூடாது என்று அம்மாவுக்குப் பதிலாக இவள் ஜீப்பில் ஏறிப் போனாள். விடிந்தும் விடியாமலும் கம்பம்மெட்டு மலை ஏற்றத்தில் தோட்டத்து ஜீப்புகள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. அன்றைக்கு அவள் ஏறிய ஜீப்பை ஓட்டியது கர்ணன். முன்னால் போன ஜீப்பை வளைவில் வைத்து முந்தினார். வண்டி உருண்டது. மற்ற பெண்களுக்குச் சிராய்ப்பும் தையலும். திரிஷாவுக்குத் தொடை எலும்பு, முழங்காலுக்குச் சற்று மேலே.

வழக்கு நடந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று கர்ணன் சொன்னார். ஜீப்பில் இருந்த பெண்கள் மறுபடியும் ஜீப்பில் போக வேண்டியவர்கள். அவர்களும் அப்படியே சொன்னார்கள். அவரை விட்டுவிட்டார்கள்.

திரிஷாவின் எலும்பு சேர்ந்தது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. ஓட்டம் போயிற்று, போலீஸ் வேலையும் போயிற்று. இப்போது ஒரு செல்போன் கடையில் இருக்கிறாள். பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலை ஒரு சாமானைப் போலக் கையால் தூக்கி உள்ளே வைப்பாள். பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் ஒரு நாளும் திருப்பிக்கொண்டதில்லை.

இப்படிப்பட்ட கையை ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே மடக்கி நீட்ட ஆரம்பிக்க வேண்டும். வலிக்கும். நோயாளி கத்துவார், நம்மைத் திட்டுவார், சிலர் அடிக்கக்கூட வருவார்கள். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் செய்கிறவர்தான் நல்ல பிசியோதெரபிஸ்ட். நான் அப்படித்தான் பெயர் வாங்கியிருந்தேன். "அந்தப் பொம்பளையா, இரும்புக் கையி" என்று வார்டில் சொல்வார்கள்.

கர்ணனுக்கு நான் வலியே கொடுக்கவில்லை.

முதல் நாள் அவர் கையைத் தொட்டதும் பல்லைக் கடித்தார். "இன்னைக்கு வேணாம்ண்ணே, வீக்கம் இருக்கு" என்று சொல்லிக் கையைக் கழுத்துத் தூளியில் மாட்டிவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். விரல்களை மட்டும் மடக்கச் சொன்னேன். அவர் மனைவி தேவயானி பக்கத்திலேயே நிற்பாள். ஒல்லியான பெண். கணவன் முகம் சுளித்தால் இவள் முகமும் சுளிக்கும்.

"மத்தவுகள எல்லாம் போட்டு முறிக்கிறீகன்னு சொன்னாக, பயந்துக்கிட்டே வந்தோம்" என்றாள். "நீங்க பூ மாதிரி பாக்குறீக."

"ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாதிரிக்கா. இவருக்கு மெதுவாத்தேன் போகணும்" என்றேன்.

டாக்டர் வந்த நாட்களில் அவர் கர்ணனின் கையைப் பிடித்துப் பார்ப்பார். மடங்கவில்லை என்றதும் என்னைப் பார்ப்பார். "வலி தாங்க மாட்டேங்கிறார் சார், தொட்டாலே கையை இழுத்துக்கிறார்" என்று இங்கிலீஷில் சொல்வேன். கர்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. டாக்டர் அவரைச் சத்தம் போடுவார்: "ஏன்யா, இப்ப மடக்கலேன்னா எப்ப மடக்குவ? அந்தம்மா சொல்றதக் கேளு." அவரும் தலையாட்டுவார். டாக்டர் போனதும், "அவுக அவசரப்படுவாக. எலும்பு இன்னும் சேரலண்ணே, நாம பாத்துச் செய்வோம்" என்பேன். அதற்கும் தலையாட்டுவார். அந்த மனிதர் நான் சொன்ன எதையும் மீறியதில்லை. என் பத்து வருட வேலையில் அவ்வளவு சொன்னபடி கேட்ட நோயாளி கிடையாது.

இப்படியே பங்குனி வந்துவிட்டது. ஒரு நாள் தேவயானி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். தூளியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"ஆத்தா, ஒங்கள எனக்கு மொத நாளே தெரியும்" என்றார் கர்ணன்.

நான் கையை எடுக்கவில்லை.

"சங்கிலியம்மா மகதான நீங்க? அந்தப் பிள்ளைக்கு அக்கா. கோர்ட்டுல பாத்திருக்கேன். ஒங்களப் பாத்த அன்னைக்கே தேவயானிகிட்ட வேற ஆசுபத்திரிக்குப் போயிருவோம்னு சொன்னேன். அவதேன் இருப்போம்னா." தூளியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிரேக்கு நல்லாத்தேன் இருந்துச்சு. முந்தணும்னு ஒரு கிறுக்கு. கோர்ட்டுல பொய் சொன்னேன். ஒங்க வீட்டுக்கு வந்து கால்ல விழணும்னு எத்தனையோ தடவ தேவாரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிருக்கேன். நீங்க இம்புட்டுப் பக்குவமா என் கையப் பாக்குறப்பதேன் எனக்கு மனசு ஆறுச்சு. நீங்க மன்னிச்சிட்டீகன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

அவர் கண்ணில் நீர் வழிந்தது. வலது கையைத் தூக்கித் துடைக்கப் பார்த்தார். அது பாதி வழியில் நின்றுவிட்டது. நான்தான் பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய கை இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. அன்றைக்கே ஒழுங்காக ஆரம்பித்திருந்தால், ஸ்டியரிங் பிடிக்கிற அளவுக்கு இல்லாவிட்டாலும் சோறு அள்ளிச் சாப்பிடுகிற அளவுக்கு வந்திருக்கும். நான் அதை மறைக்கப் போவதில்லை. வெளியே போய்க் கை கழுவினேன். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதாதீர்கள். கோபம் அதுவரைக்கும்தான் இருந்தது. அவர் பேசி முடித்ததும் அது போய்விட்டது. நான் கொடுக்காத மன்னிப்பை அந்த மனிதர் தானாகவே எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். அப்படியானால் என்னிடம் கொடுப்பதற்கு வேறு ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

தேவயானி மருந்தோடு படியேறி வந்தாள். அவளை ஓரமாகக் கூப்பிட்டு, வீட்டில் நல்லெண்ணெயைச் சூடுபண்ணி, முழங்கையைச் சுற்றி நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். காலையும் மாலையும். வலித்தாலும் விடக்கூடாது என்றேன்.

"டாக்டர்கிட்ட மட்டும் சொல்லாதீகக்கா. அவுகளுக்கு எண்ணெய், நாட்டு வைத்தியம்னாலே ஆகாது" என்றும் சொன்னேன்.

"நான் எதுக்குச் சொல்றேன்? நீங்க எங்க நல்லதுக்குச் சொல்றீக" என்றாள்.

அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு நீவக் கூடாது மேடம். சதை கன்றிப்போய், அந்தச் சதைக்குள்ளேயே புதிதாக எலும்பு முளைத்துவிடும். மூட்டுக்குக் குறுக்கே தாழ்ப்பாள் போட்ட மாதிரி. இது எங்கள் படிப்பில் ஆரம்பத்திலேயே சொல்லித் தருவது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் திரிஷாவுக்கும்கூடத் தெரியும், அத்தனை தடவை நான் சொல்லியிருக்கிறேன். தேவயானிக்குத் தெரியாது. அவள் உயிரைக் கொடுத்துத் தேய்த்திருக்கிறாள். அவள் கணவன் மேல் வைத்திருந்த பிரியத்துக்கு, நான் நினைத்ததைவிடச் சீக்கிரமே எலும்பு வளர்ந்துவிட்டது.

அடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"யாரு இதத் தேய்க்கச் சொன்னது?"

தேவயானி என்னை ஒரு தடவை பார்த்தாள். "நானாத்தேன் சார் தேச்சேன். யாரும் சொல்லல" என்றாள்.

டாக்டர் அவளைத் திட்டிய திட்டைக் கேட்டு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கர்ணன் எழுந்து கும்பிடப் பார்த்தார். இரண்டு கையும் சேரவில்லை. "அவள வையாதீக சார், எனக்காகத்தேன் செஞ்சா" என்றார். இன்னும் ஒரு வருடம் போன பிறகு அந்த எலும்பை எடுத்துப் பார்க்கலாம், வரும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கை இப்போது பாதி மடங்கினபடி நின்றுவிட்டது. வாய்க்கு எட்டாது, கீழேயும் தொங்காது. வண்டி ஓட்டுவதில்லை. இடது கையால் சாப்பிடப் பழகியிருக்கிறார். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார மாட்டேன் என்கிறாராம், மொய் எழுதிவிட்டு வெளியே வந்துவிடுவாராம். இதையெல்லாம் தேவயானிதான் சொன்னாள்.

எப்போது சொன்னாள் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தபோது. ஒரு கூடை பன்னீர் திராட்சை கொண்டுவந்திருந்தாள். நான் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டதற்காம். பேசிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள்.

"நான் அழுத்தம் பத்தாம தேச்சனோ, இல்ல கூடத் தேச்சனோ, ஒண்ணும் தெரியல. என் கையாலயே அவுக கையக் கெடுத்துட்டேன்" என்றாள்.

காப்பி கொண்டுவந்த திரிஷா டம்ளரைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "எண்ணெய் போட்டா தேச்சீக? யாரு சொன்னது?" என்று கேட்டாள். டாக்டரிடம் காட்டிக்கொடுக்காதவள் தங்கையிடமா காட்டிக்கொடுப்பாள். தேவயானி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் திரிஷா என்னைப் பார்த்தாள்.

தேவயானி போனதும் திரிஷா கேட்டாள். "நீதான சொன்னே?"

"ஆமா."

"தெரிஞ்சேவாக்கா?"

"தெரியாம நான் எதையும் செய்ய மாட்டேன்."

"நான் ஒங்கிட்டக் கேட்டனா?"

"நீ கேக்க மாட்ட. ஒனக்காகத்தேன் செஞ்சேன்."

திரிஷா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கால் நீட்டியபடி இருந்தது. "என் கால முறிச்சது அந்த ஆளு. மடங்காம ஆக்குனது நீ" என்றாள். "தினம் நீ என் கால மடக்கணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? நான் அழுதா விட்டுட்டுப் போயிருவ. போதும்டி, நாளைக்குப் பாப்போம்னு சொல்லுவ. எத்தன நாளைக்கு? ஒம்மேல நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. அதையே எடுத்து இன்னொருத்தனுக்குச் செஞ்சுட்டு எனக்காகன்னு சொல்றியே."

கோபத்தில் பேசுகிறவர்களின் வார்த்தையை எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அப்போது நான் படிப்பு முடித்த புதிது. திரிஷா அலறினால் அம்மா அடுக்களையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். பிரியத்தினால் விட்டேன். அதுவும் இதுவும் ஒன்றில்லை. இரண்டும் ஒரே மாதிரி முடிந்தன, அவ்வளவுதான். நான் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று நீங்கள் நினைத்தால், அதை மறுக்கவும் மாட்டேன்.

புகார் கொடுத்தது திரிஷா என்று நீங்கள் சொன்னபோது நான் ஆச்சரியப்படவில்லை. போலீஸாக வேண்டியவள். எது நடந்தாலும் முறைப்படி செய்ய வேண்டும் என்று நினைப்பாள். ஆமாம் மேடம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். தேவயானிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள், அவள் பாவம்.

இப்போது திரிஷா கடைக்கு லீவு போட்டுவிட்டு, கர்ணனையும் தேவயானியையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு யாரோ ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய்வருகிறாளாம். அந்த எலும்பை எடுக்கும்வரை இருக்கிற அசைவாவது போய்விடாமல் இருக்க, அங்கே கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பார்க்கிறார்களாம். அவர் வலி தாங்காமல் அழும்போது தேவயானி பயந்து வெளியே ஓடிவிடுகிறாள், திரிஷாதான் பக்கத்தில் நின்று அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொள்கிறாள் என்கிறீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறீர்கள்.

எனக்குச் சந்தோஷம்தான் மேடம். அவன் அழுவதை அவள் கிட்ட நின்று கேட்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன். என் தங்கையை எனக்குத் தெரியும். அவள் அதற்குத்தான் போகிறாள்.